முகப்பிலிருந்து பின்கட்டு வரை

மாசி பிறந்து, காரைக்குடி மீனாட்சிபுரத்து முத்துமாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டும் நாள் நெருங்கிவிட்டால், நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஒரு மாத்திரைக்குத் தனிக் கிராக்கி வந்துவிடும். பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்கள், விரதம் இருப்பவர்கள், அந்த வாரத்தில் வீட்டு விசேஷம் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் வந்து "தள்ளிப்போடுற மாத்திரை" கேட்பார்கள். சீட்டில் அது நாரெத்திஸ்டிரோன், 5 மில்லிகிராம் என்று எழுதப்பட்டிருக்கும். மாதவிலக்கு வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பாகத் தொடங்கி நாளுக்கு மூன்று வேளை போட்டுக்கொண்டு வந்தால் அது வராது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. ஊரில் எத்தனை கடைகளில் சீட்டுக் கேட்கிறார்கள் என்பதை நான் சொல்லாமலிருப்பது நல்லது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றதில், யார் எப்படிக் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருக்கிறது. வசதியான வீடு என்றால் தொலைபேசி வரும். "மூணு பிள்ளைகளுக்கு வேணும், டாக்டர் சீட்டை வாட்சப்ல அனுப்பியிருக்கேன், டிரைவர் வருவார்" என்று அந்த வீட்டு அம்மா குரலைத் தாழ்த்தாமல் சொல்லுவார். பேருந்தில் வந்து இறங்கும் பெண்பிள்ளை அப்படியில்லை. கடை முன்னாலுள்ள தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆண்கள் எல்லாரும் போகும்வரை எதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளங்கையில் வியர்த்துப்போன பழைய மாத்திரை அட்டையின் ஓரத்தை நீட்டுவாள். சில வேளைகளில் அதையும் செய்யாமல் பத்து வயதுத் தம்பியின் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். அவன் எல்லார் முன்னாலும் உரக்க அட்டையைப் படித்துக் கேட்பான்.

வளரிளம் பருவத்தினரின் உடல்நலத்தில், குறிப்பாக மாதவிலக்கு, கர்ப்பம், கருத்தடை போன்றவற்றில், ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று சொல்லும்போது பணம், படிப்பு, மருத்துவமனை இருக்கும் தூரம் ஆகியவற்றைச் சொல்வார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் என் கண்ணில் பட்டவரை, எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும்விட ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருப்பது மறைவுதான். யாரும் பார்க்காமல் ஒரு மருத்துவரிடம் பேசவும், யாருக்கும் தெரியாமல் ஒரு தவறைச் சரிசெய்துகொள்ளவும், தன் உடம்பில் நடப்பதைத் தான் சொல்ல நினைக்கிறவர்களுக்கு மட்டும் சொல்லவும் ஒரு பெண்பிள்ளைக்கு முடிகிறதா என்பது அவள் பிறந்த வீட்டைப் பொறுத்திருக்கிறது. செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். முகப்பில் வந்து அமர்ந்திருப்பவருக்குப் பின்கட்டில் நடப்பது தெரியாது. அந்த வீடுகளுக்கு வேலைக்கு வருகிறவர்களின் வீடுகளில் வாசலும் அடுப்படியும் படுக்கையும் ஒரே இடம்.

என் அம்மா கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரொன்றில் அப்படி ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வயது. ஒரே பருவத்தில், சில வாரங்கள் முன்பின்னாக, இருவரும் வயதுக்கு வந்தோம். 1994 என்று நினைவு. அவளுக்குச் சின்ன வயதிலேயே திருவாதிரைப் புதுமை என்ற சடங்கை ஊரறியக் கொண்டாடியிருந்தார்கள். ஆனால் இந்தச் செய்தி வளவைத் தாண்டவில்லை. அடுப்படியில் நின்ற என் அம்மாவுக்கே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. பெண் மருத்துவர் ஒருவர் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போனதாகவும், சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த நாப்கின்கள் பெட்டகத்துக்குள் இருந்ததாகவும் அம்மா பின்னால் சொன்னார்.

எனக்குத் தென்னங்கீற்றில் குச்சு கட்டினார்கள். பதினாறு நாள் அதற்குள் இருந்தேன். பதினாறாம் நாள் தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு ஒலிபெருக்கி வைத்த வண்டியில் வந்து இறங்கினார். பள்ளியில் என்னோடு படித்த பையன்களும் வாத்தியார்களும் உட்பட ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் என் உடம்பில் என்ன நடந்தது என்பதை அறிந்துகொண்டார்கள். மாமன் கொண்டுவந்த பாவாடை தாவணியில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. சடங்கை இழித்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை, அன்று எனக்குக் கிடைத்த பொட்டுத் தங்கம்தான் பின்னாளில் என் பட்டயப் படிப்புக்குக் கட்டணமாயிற்று. ஆனால் ஊரைக் கூட்டி உரக்க அறிவித்த அதே வீட்டில், எனக்கு என்ன நடக்கிறது என்பதை விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லை. அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்துக் கொடுத்தார்கள். அதைத் துவைத்து, ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க, கிளுவை வேலியில் வேறொரு துணிக்கு அடியில் காயப்போட வேண்டும். வெயில் படாத துணி முழுதாகக் காயாது. ஈரத்துணியோடு நடந்து தொடை இடுக்கில் புண் வந்து, அரிப்பும் வெள்ளைப்படுதலுமாக இரண்டு ஆண்டுகள் பட்டேன். எதை மறைக்க வேண்டியிருக்கவில்லையோ அதை மறைத்தோம். எதை எனக்கு மட்டுமாக வைத்திருக்கலாமோ அதை ஒலிபெருக்கியில் சொன்னோம். இப்போது ஒலிபெருக்கியின் இடத்துக்குப் பிளக்ஸ் பலகை வந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்தைப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஆளுயரத்துக்கு வைக்கிறார்கள்.

துணியிலிருந்து நாப்கினுக்கு வந்த மாற்றம் சிறியதல்ல. 2012 முதல் தமிழக அரசு புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுவரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளுக்கு இலவசமாக நாப்கின் கொடுத்து வருகிறது. 2018 ஜூலையில் நாப்கின்மீதிருந்த ஜிஎஸ்டியும் நீக்கப்பட்டது. துணிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த என் தலைமுறைக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. இருந்தாலும் மருந்துக் கடைக்காரியின் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு மூன்று பொதி, ஒரு பொதிக்கு ஆறு. அதாவது ஆண்டுக்கு 18 பொதி, 108 நாப்கின். ஒரு மாதத்துக்கு ஒன்பது வருகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நாங்களே சொல்கிறோம். நான்கு நாள் போக்குக்கு அதன்படி பதினாறு வேண்டும். வசதியுள்ள பிள்ளை மீதி ஏழை எங்கள் கடையில் வாங்கிக்கொள்வாள். வசதி இல்லாதவள் ஒன்பதைப் பதினாறு நாப்கினின் நேரத்துக்கு இழுப்பாள். அதிலும் வீட்டில் அம்மாவுக்கு என்று ஒன்றும் வருவதில்லை என்பதால், பிள்ளைக்கு வந்த பொதி பல வீடுகளில் இரண்டு பேருக்குப் பிரிகிறது.

புள்ளிவிவரங்களைப் பார்த்தால் தமிழ்நாடு பெருமைப்பட்டுக்கொள்ள இடமிருக்கிறது, கவலைப்படவும் இடமிருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 18 நிறைவதற்கு முன் திருமணமானவர்கள் இந்தியாவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டு எண் 16.3 ஆக இருந்தது, ஆகவே குறைந்திருக்கிறது. ஆனால் அதே ஆய்வில், 15 முதல் 19 வயதுக்குள் தாயாகிவிட்ட அல்லது கர்ப்பமாக இருக்கும் பெண்களின் அளவு 5.0 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆகக் கூடியிருக்கிறது. கல்யாணம் குறைந்து கர்ப்பம் கூடியிருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆய்வாளர்கள் சொல்லட்டும். இந்திய அளவில் பார்த்தால், பள்ளிக்கே போகாத பதின்பருவப் பெண்களில் தாய்மைக்குள் நுழைந்துவிட்டவர்களின் அளவு, பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களைவிடப் பல மடங்கு என்பதை அந்த ஆய்வே காட்டுகிறது. மாநிலச் சராசரி என்பது முகப்பு மாதிரி. பின்கட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன்னால், ஆடி மாதத் தள்ளுபடி நேரத்தில் என்று நினைக்கிறேன், ஒரு பெண் கடைக்கு வந்தாள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்று, ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். கடைச் சீருடைச் சேலையோடே வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. விற்பனைக்கு நிற்பவர்கள் உட்காருவதற்கு நாற்காலி தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தாயிற்று. நாற்காலி எங்கே போயிற்று என்று அந்தக் கால்களைப் பார்க்கும்போது கேட்கத் தோன்றும். கல்லாவில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சர்க்கரை மாத்திரைக்கு, ஒருவர் இருமல் மருந்துக்கு, மூன்றாமவர் சும்மா அரட்டைக்கு.

"அக்கா, நாள் வர்றதுக்கு மாத்திரை இருக்கா?"

வருவதைத் தள்ளிப்போடக் கேட்பவர்களும் வராததை வரவழைக்கக் கேட்பவர்களும் ஒரே கல்லாவில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டாவதாக வருபவர்களின் குரல் வேறுமாதிரி இருக்கும். எத்தனை நாளாகிறது என்று கேட்டேன். விரலை மடக்கி, இரண்டு என்று காட்டினாள். இரண்டு நாள் இல்லை, இரண்டு மாதம். வயதைக் கேட்டேன். "பத்தொம்பது" என்றாள், கேள்வி முடிவதற்குள்ளாகவே. உண்மையான வயதைச் சொல்ல யாருக்கும் அவ்வளவு அவசரம் இருக்காது. அந்த மருந்தைச் சீட்டில்லாமல் தர முடியாது, பெரியாஸ்பத்திரிக்குப் போம்மா, அங்கே பெண் டாக்டர் இருப்பார்கள் என்று சொன்னேன். நான் சொன்னது சரி. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு இரத்தப்போக்கு நிற்காமல் வந்து சேர்ந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அதற்குமேல் சொல்லியிருக்க வேண்டியவை இருந்தன. 1971ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது; 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும், 18 வயது நிரம்பாதவர்கள் இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம்வரையும் செய்துகொள்ளலாம்; 18 நிரம்பாவிட்டால் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இதையெல்லாம் அரட்டைக்காரரின் காதுக்கெட்டாமல் சொல்ல எனக்கு இடமில்லை. அவளுக்கும் கேட்க இடமில்லை. இருமல் மருந்துக்காரரிடம் சில்லறை இருக்கிறதா என்று நான் கேட்டுத் திரும்புவதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

அதே மாதம், பத்து நாளுக்குள்ளாக, காரோட்டி ஒருவர் மடித்த சீட்டொன்றைக் கொண்டுவந்து நீட்டினார். வெகுதூரத்து நகரமொன்றின் தனியார் மருத்துவமனைச் சீட்டு. ஐந்து நாளுக்கு நோய்க்கிருமிக்கொல்லி, வலி மாத்திரை, மூன்று மாதத்துக்கு இரும்புச் சத்து. எந்தச் சிகிச்சைக்குப் பின் எந்த மருந்து எழுதுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பெயர் எழுதும் இடத்தில் முதலெழுத்து மட்டும் இருந்தது. வயது எழுதும் இடம் காலியாக இருந்தது. அந்தப் பெண் யார், அவளுக்கு வயது என்ன என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவளுக்குக் கிடைத்த கவனிப்பைக் குறையாகச் சொல்லவும் மாட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டியது அதுதான்: நேரத்தில் சிகிச்சை, பக்கத்தில் அம்மா, பிறகு மூன்று மாதத்துக்கு இரும்புச் சத்து, யாரும் எதுவும் கேட்காமல் இருப்பது. மருந்துகளை எடுத்துக் கட்டிக் கொடுத்தபோது அந்தச் சீருடைச் சேலைதான் என் கண்முன் நின்றது.

பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று நான் லேசாகச் சொல்லிவிட்டேனே தவிர, அவளுக்கு அந்த வாசல் எப்படிப்பட்டது என்பதை நான் அறியாதவள் அல்ல. 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவரின் சம்மதம் சம்மதமாகாது. அப்படி ஒரு பிள்ளை கர்ப்பமாக வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அது குற்றம். கல்யாணம் ஆகியிருந்தாலும் விலக்கில்லை, 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சித்தப்பாவிடமும் வாத்தியாரிடமும் சிக்கிச் சீரழிந்த பிள்ளைகளுக்கு இதைவிட்டால் வேறு துணை இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயது முறைமாமனும் ஒருவரையொருவர் விரும்பிய வழக்கும் அதே பிரிவில்தான் போய் விழுகிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் விரும்பிப் பழகிய இளைஞர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்காது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021இல் ஒரு வழக்கை ரத்து செய்து சொல்லியிருக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வாசலையும் திறந்தது: பிள்ளையும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் கருக்கலைப்புக்கு வந்தவளின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தீர்ப்பு. ஆனால் கேட்டுக்கொள்ளலாம் என்பது தெரிந்தவர்கள்தானே கேட்டுக்கொள்ள முடியும். அந்தப் பெண்ணுக்கு அது தெரிய வழியில்லை. தெரிந்த நானும் சொல்லவில்லை.

மிச்சத்தை அவளுடைய அம்மா, மாதக்கணக்கில் கழித்து, இரும்புச் சத்து மாத்திரை வாங்க வந்த ஒரு மத்தியான நேரத்தில் சொன்னார். விஷயம் தெரிந்ததும் குலதெய்வக் கோவிலில் வைத்து அவசரமாகத் தாலி கட்டியிருக்கிறார்கள். பையன் ஏசி பழுது பார்க்கும் வேலையில் இருந்தவன், சொந்த அத்தை மகன். ஆதாரில் வயது தெரிந்துவிடும் என்பதற்காகக் கிராமத்து நர்சம்மாவிடம் கர்ப்பத்தைப் பதியவே இல்லை. கர்ப்பத்தைப் பதிந்தால் அரசு தரும் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கடினம் என்று யாரோ சொன்ன பிறகு ஏழாம் மாதத்தில்தான் போயிருக்கிறார்கள். அதற்குள் போட வேண்டிய ஊசிகளும், எடுக்க வேண்டிய ஸ்கேனும், தின்ன வேண்டிய மாத்திரைகளும் போயின. பதிந்த அன்றே வயது வெளிப்பட்டது; காவல் நிலையத்திலிருந்து வந்தார்கள். பிரசவத்தின்போது பையன் சிறையில் இருந்தான். "அவனை உள்ள வச்சுட்டு யாரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றதுங்கம்மா" என்று அவர் கேட்டார். மருத்துவமனையில் மருத்துவர்கள் நன்றாகத்தான் பார்த்தார்களாம். ஆனால் வார்டில் ஒரு ஊழியர், "இந்தப் போலீஸ் கேசு எந்தப் படுக்கைல இருக்கு" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். குறை மாதத்தில் எடை குறைந்த குழந்தை பிறந்தது. பதின்வயதில் பிள்ளை பெறுகிறவர்களுக்கு வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய தொற்றும் வரும் வாய்ப்பு, 20 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களைவிடக் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டும் வராமல் அவள் தப்பித்தாள்.

மகப்பேறு உதவித்தொகையும் கிடைக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு தரும் 18,000 ரூபாய்க்குத் தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளவயதுக் கல்யாணத்தைத் தடுக்கத்தான் அந்த நிபந்தனை என்பது புரிகிறது. ஆனால் ஊட்டச்சத்துக்காகத் தரும் பணம், அது எவருக்கு மிக அவசரமாக வேண்டுமோ அவரை விட்டுவிட்டுப் போகிறது. பதினேழு வயதுக்காரியின் உடம்புக்கு இரண்டு உயிரை வளர்க்க வேண்டிய பாடு, இருபத்தைந்து வயதுக்காரியின் பாட்டைவிடப் பெரியது. அந்தப் பெயருக்கு உரியவர் எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டில் படித்து, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்குள் எதிர்ப்புகளுக்கிடையே போனவர். வயதைக் காரணம் காட்டி ஒரு பெண்பிள்ளைக்கு வாசலை அடைப்பதைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வாரம் ஒருமுறை பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரை இருக்கிறதல்லவா, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொண்டது. அதைப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் எதிரில் நின்று விழுங்க வைக்கிறார். பள்ளியை விட்டவர்களுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும் என்பது ஏற்பாடு. காலை ஒன்பதுக்கு ஜவுளிக் கடைக்குள் போய் இரவு ஒன்பதுக்கு வெளியே வரும் பெண் எந்த அங்கன்வாடிக்குப் போவாள்? என் வயதில் எங்கள் தெருவிலிருந்து மேற்கே நூற்பாலைகளுக்கு வேனில் ஏறிப்போன பிள்ளைகளும் அப்படித்தான். மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர்களில் என் தோழி ஒருத்தி, விடுதியில் கழிவறைக்குப் போகவே நேரம் குறித்துக் கொடுத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பையன்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கு நேராகாது. ஆணுறை வாங்க வருபவன் "அது ஒண்ணு" என்பான். எது என்று கேட்டால் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவான். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் இருக்கிறது. என் அண்ணன் மகனிடம் கேட்டேன். அந்தப் பாடத்தில் பூவின் பாகங்களை மூன்று நாள் நடத்திவிட்டு, மீதியை வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார்களாம். வீட்டில் கைப்பேசியில் படித்துக்கொண்டான். என்ன படித்தான் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அந்த ஏசி பழுது பார்க்கும் பையனும் பூவின் பாகங்களைத்தான் படித்திருப்பான்.

உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரையை 2005இலிருந்து சீட்டில்லாமல் விற்கலாம். ஆனாலும் தமிழ்நாட்டில் பல கடைகளில் அது இருப்பதில்லை. வைத்தால் பிரச்சினை என்ற பயம் எங்கள் தொழிலில் நெடுநாளாக உண்டு. எங்கள் கடையிலும் இல்லை. முதலாளியிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். பெருநகரத்தில் படிக்கும் பிள்ளைக்குக் கைப்பேசியில் விரலைத் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியின் கதையும் இதே. 9 முதல் 14 வயதுக்குள் போட வேண்டியது. நான்கைந்து வீடுகளுக்காக எங்கள் குளிர்பெட்டியில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடுவதாகத் தமிழக அரசு அறிவித்தபோது, எனக்கு முதலில் தோன்றியது, பள்ளியில் இல்லாத பதினான்கு வயதுக்காரியை யார் தேடிப்போவார்கள் என்பதுதான்.

எங்கள் கடையில் இப்போது ஒரு மாற்றம் உண்டு. நாப்கினையும் கர்ப்பம் பார்க்கும் கார்டையும் உள் அலமாரியிலிருந்து எடுத்து, கை நீட்டினால் எட்டும்படி வெளி அலமாரியில் வைத்துவிட்டேன். குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார் முதலாளி. இரண்டொருவர் சுளித்தார்கள். செய்தித்தாளில் சுற்றிக் கருப்புக் கவரில் போடுவதையும் நிறுத்திப் பார்த்தேன். அதற்குப் பிள்ளைகளே ஒத்துக்கொள்ளவில்லை, பேருந்தில் போக வேண்டுமே என்றார்கள். திரும்பவும் கவர் வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்த ஆடிக்கு அடுத்த ஆண்டுப் புரட்டாசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அடையாளம் கண்டுகொண்டதை அவளும் கண்டுகொண்டாள். குழந்தைக்குக் காய்ச்சல், சீட்டு இருந்தது, மருத்துவர் எழுதிய சொட்டு மருந்தின் அளவைச் சரிபார்க்க எடை என்ன என்று கேட்டேன்.

"இப்ப ஆறு கிலோக்கா. பொறந்தப்ப ஒண்ணே முக்கா."

மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். காசைக் கொடுத்த பிறகும் அவள் நகரவில்லை. குழந்தையின் தலைத்துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பையன் ஜாமீனில் வந்துவிட்டான், வழக்கு நடக்கிறது என்றாள். பிறகு குரலே இல்லாமல், "அடுத்தது இப்ப வேணாம்க்கா, அதுக்கு என்ன இருக்கு?" என்றாள். கல்லாவில் அன்றைக்கும் மூன்று பேர் இருந்தார்கள்.

கல்லாவின் மடிப்புப் பலகையைத் தூக்கி அவளை உள்ளே வரச் சொன்னேன். பின்னால் இருக்கும் சரக்கு அறையில் குளுக்கோஸ் பெட்டி ஒன்றைத் தள்ளி உட்கார வைத்தேன். கடையில் நான் இருந்த இத்தனை ஆண்டுகளில், அந்த அறைக்குள் சரக்கைத் தவிர வேறெதையும் கொண்டுபோனதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடக்கூடிய சாயா மாத்திரை, பல ஆண்டுகளுக்குத் தாங்கும் காப்பர்-டி, இவை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம், எது உன் உடம்புக்கு ஒத்துவரும் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லுவார், நீ பாலூட்டுவதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஊசி போட்டால் சில மாதம் தீட்டு முன்பின்னாக வரும், பயப்படக் கூடாது என்பதையும் சொன்னேன். மருந்துக் கம்பெனி கொடுத்த குறிப்பேட்டில் கிழித்து எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்தாள். சாயா என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"வயசு கேப்பாங்களாக்கா?"

கேட்பார்கள் என்றேன்.

"ஆவணியோட பதினெட்டு முடிஞ்சிருச்சு" என்றாள். அவள் வாயிலிருந்து உண்மையான வயதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே யாரோ ரூபாய் நாணயத்தால் கண்ணாடிப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் ஆகும் என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தேன்.